ருக்கு பெரியம்மாவுக்கு மாரடைப்பு வரவில்லை

அன்று காலை அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். ஒரு சடை முடிந்து மறுசடைக்கு முடியைப் பிரித்தபோது கைபேசி அடித்தது. ருக்கு பெரியம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் கன்னடத்தில் ஏதோ வேகமாகச் சொன்னார். அம்மா, "ஏனாயித்து? என்ன ஆச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு சீப்பை என் மடியில் வைத்துவிட்டு, "நம்ம ருக்கு அக்கா செத்துப் போயிட்டாங்களாம்" என்றார். "நேத்து சாயங்காலம் என்கூடத்தானே பஸ்சுல வந்தாங்க. சீட்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டு வந்தாங்களே." ஒரு பக்கம் பின்னி ஒரு பக்கம் விரித்த தலையோடுதான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். அங்கே யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நாளை காரியம் முடிந்ததும், நம் தெரு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் அவரைப் பற்றி நாலு வார்த்தை வாசிக்கச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். மைசூருக்கு வருமுன் சத்தியமங்கலத்தில் ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவள் என்பதால், நம் தெருப் பிள்ளைகளில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒன்று எழுதியும் கொடுத்துவிட்டேன். பெரியம்மாவின் நல்ல குணம், சிரித்த முகம், உதவும் மனம் எல்லாம் அதில் இருக்கின்றன. பெரியம்மா வேலை செய்த பட்டறையின் ஓனர் அதைக் கன்னடத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டு, "சென்னாகிதே, நல்லா இருக்கு" என்று தலையாட்டினார். அதில் எழுதியது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் 'திடீர் மாரடைப்பால் நம்மை விட்டுப் பிரிந்தார்' என்று ஒரு வரி இருக்கிறது. அது ஓனர் சொல்லி நான் எழுதியது.

இது இரண்டாவது. அம்மா தூங்கிய பிறகு, சமையல் மேடை விளக்கில் எழுதுகிறேன். நாளை இதைத்தான் வாசிக்கப்போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் முடிப்பேன்.

பெரியம்மா எங்களுக்கு உறவில்லை. அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா ஆனார். சொந்த ஊர் மார்டள்ளி. மைசூருக்கு வந்த நாளிலிருந்து மண்டி மொஹல்லாவில் ஒரே பட்டறையில்தான் வேலை. கறுத்துப்போன பித்தளை விளக்கு, மணி, குடம் எல்லாம் அங்கே வரும். அவற்றை ஆசிட்டில் முக்கி எடுத்துக் கழுவி மெருகேற்றி அனுப்புவார்கள். அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. பள்ளி விட்டதும் நான் போய் முன்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். பின்கட்டுக்கு ஒரு எட்டு வைத்தால் போதும், பெரியம்மாவின் சத்தம் வரும். "அக்கட்டால போ கண்ணு! உங்கொம்மா ஒருத்தி இங்க வேகறது பத்தாதா?"

அவருக்கு மெல்லப் பேசத் தெரியாது. கோயிலிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். "ருக்கு ரகசியம் சொன்னா கே.ஆர். சர்க்கிள்ல பஸ் நிக்கும்" என்று அம்மாவே கேலி செய்வார்.

ஒருநாள் புதிதாக வேலைக்கு வந்த ஒருவர், தொட்டியில் ஊற்றியது போக மீந்த ஆசிட்டைக் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் குழாய்ப் பக்கம் வைத்துவிட்டார். மைசூரில் எந்தப் பட்டறையிலும், எந்த வீட்டிலும் நடப்பதுதான். கக்கூஸ் கழுவும் ஆசிட் குளிர்பான பாட்டிலில் இருக்கும், மண்ணெண்ணெய் தண்ணீர் பாட்டிலில் இருக்கும். பெரியம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு முன்கட்டுக்கு வந்தார். ஓனர் வெயிலில் அலைந்துவிட்டு அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி வேணுங்களா ஓனரே?"

"கொடும்மா, கொடு, தொண்டை எல்லாம் ஒணகிஹோயித்து" என்று அவர் கையை நீட்டினார்.

பெரியம்மா பாட்டிலைத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "இது ஆசிட்டுங்க. பாத்தா தண்ணியாட்டமே இருக்குதல்லொ? நீங்களே கைய நீட்டறீங்க. நாளைக்கு அந்தப் புள்ளை நீட்டும்." என்னைக் காட்டித்தான் சொன்னார். ஓனர் நீட்டிய கையை மடக்கிக்கொள்ளக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார். அன்றுமுதல் பட்டறையில், "குடிக்கிற பாட்டில்ல குடிக்காததை ஊத்தறவன் கையை ஒடி" என்பது சட்டம். போட்டது பெரியம்மா. காப்பாற்றியதும் அவர்தான். ஆசிட் அது வந்த கேனைவிட்டு வேறெதற்கும் மாறவில்லை.

பட்டறையில் கூட வேலை செய்யும் தேவகி அக்கா இந்தக் கூட்டத்தில் இருப்பார். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பி இதைச் சொல்கிறேன். அவர் தொடைமேல் ஆசிட் தெறித்த அன்று நான் முன்கட்டில் இருந்தேன். வாசலில் சாமான் இறக்க வந்த இரண்டு ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அதனால் தேவகி அக்கா புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, லேசாத்தான்" என்றார். புடவையில் ஓட்டை விழுந்துகொண்டிருந்தது.

"சீலையை அவுருடி."

"ஆம்பளைங்க இருக்காங்கக்கா."

"ஆசிட்டுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா? அவுருங்கறேன்!" பெரியம்மாவே இழுத்து உருவிவிட்டு, குழாயில் மாட்டியிருந்த டியூபைத் திருப்பி அவர்மேல் பிடித்தார். தலையை மட்டும் வாசல் பக்கம் திருப்பி, "டேய், பொம்பளையே இல்லாத ஊர்ல பொறந்தீங்களாடா? செவுத்தைப் பாத்து நில்லுங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டார். இரண்டு பேரும் பள்ளியில் தண்டனை வாங்கிய பையன்களைப்போலச் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. தேவகி அக்காவின் பற்கள் அடித்துக்கொண்டன. "போதுங்கக்கா, குளுருது."

"குளுரட்டும். வேகறதுக்குக் குளுர்றது தேவலை."

பிறகு ஓனர் அறையின் திரைச்சீலையைப் பிய்த்து அவரைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார். சாயங்காலம் ஓனர் வந்து, "ஏனம்மா ருக்மணி, ஸ்க்ரீன் எல்லி?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குதுங்க. வந்துரும்" என்றார் பெரியம்மா. அவ்வளவு நேரம் தண்ணீர் விட்டதால்தான் காயம் ஆழமாகவில்லை என்று டாக்டர் சொன்னதாகத் தேவகி அக்காவே எங்களிடம் சொன்னார்.

இதையெல்லாம் கேட்டு, அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குத் தெரியாததும் இருந்தது. ஓனர் வாங்கிக் கொடுத்த கண் கவசத்தை நெற்றிக்குமேல் வளையம்போல மாட்டிக்கொள்வார்; கண்ணுக்குப் போட்டால் வேர்க்கிறதாம். ஈரத் துண்டை மூக்கில் கட்டினால் எந்தப் புகையும் உள்ளே போகாது என்று நம்பினார். புகையைக் குடித்துவிட்டால் ஒரு துண்டு வெல்லம் தின்றால் போதும், நெஞ்சைக் கழுவிவிடும் என்றும் நம்பினார். அவர் மட்டுமல்ல, பட்டறையில் எல்லோரும் நம்பினார்கள். வெல்லத்துக்கென்றே அங்கே ஒரு டப்பா இருக்கிறது. தீரத் தீர ஓனர் வாங்கி நிரப்புவார். அக்கறையோடுதான் நிரப்புவார்.

இன்னொரு பழக்கம் அந்தச் சந்து முழுவதற்கும் உண்டு. பட்டறைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஊதுபத்தி உருட்டுகிறார்கள். நடுச்சுவர் ஒன்றுதான். அங்கே மரத்தூள் மூட்டை மூட்டையாக இருக்கும். சந்தில் எண்ணெய் கொட்டினாலும், டீசல் கொட்டினாலும், பெயிண்ட் கொட்டினாலும் அங்கே ஓடி ஒரு முறம் தூள் வாங்கிவந்து போடுவார்கள். தூள் உறிஞ்சிக்கொள்ளும், கூட்டி அள்ளிவிடலாம். நானே என் மைப்புட்டி கவிழ்ந்தபோது போட்டிருக்கிறேன். கொட்டியது எதுவாக இருந்தாலும் மரத்தூள்தான் மருந்து.

பெரியம்மா பட்டறைக்குப் போன அந்தக் கடைசி நாளைப் பற்றி நான் அம்மாவிடம் பல தடவை கேட்டேன். முதலில் சொல்லவே இல்லை. பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். புது ஆசிட் கேனை ஆட்டோவிலிருந்து இறக்கிப் பின்கட்டுக்குத் தூக்கி வந்தபோது, அது படி விளிம்பில் இடித்து அடியில் விரிசல் விட்டது. ஆசிட் தரையில் பரவி நடுச்சுவரை நோக்கி ஓடியது. ஒருவர் ஓடிப்போய் மரத்தூள் மூட்டையை இழுத்துவந்து கவிழ்த்தார். யாரும் தடுக்கவில்லை. "இன்னுங்கொஞ்சம் போடு, அந்தப் பக்கம் ஓடுது பாரு" என்று பெரியம்மாவே சொன்னார்.

தூள் உறிஞ்சியது. பிறகு சீறியது. பித்தளையை முக்கும்போது கொஞ்சமாகக் கிளம்பும் அதே செம்பழுப்புப் புகை, அம்மா ஒருநாளும் பார்த்திராத அளவில் தரையிலிருந்து எழுந்தது. தூளுக்கு அடியில் கருகும் வாசனை வந்தது. "எல்லாம் வெளிய ஓடுங்க! எதையும் எடுக்காதீங்க, ஓடுங்க!" என்று பெரியம்மா கத்தினார். அம்மாவின் முதுகில் கைவைத்துத் தள்ளினார். எல்லோரும் சந்துக்கு ஓடி வந்து திரும்பிப் பார்த்தபோது அவரை மட்டும் காணவில்லை.

நடுச்சுவரில் மேலே ஒரு சன்னல் உண்டு. புகை அதன் வழியாக ஊதுபத்திக்காரர்கள் பக்கம் போவதை அவர் பார்த்திருக்கிறார். அங்கே மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் உள்ளே இருந்த பெண்களுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சந்துப் பக்க வாசலை அவர்கள் உள்ளே தாழிட்டிருந்தார்கள்; அவர்களுடைய பின்பக்கத் தகரக் கதவுக்குப் போக வேண்டுமானால் புகையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போய்க் கதவை உதைத்து அவர்களை வெளியே விரட்டிவிட்டு, அவர்கள் வாசல் வழியாகச் சந்துக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இருமல் நிற்கவில்லை. நின்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஊதுபத்திக்காரிகளுக்கே நாம சாம்பிராணி போட்டுட்டோம்டி." எல்லோரும் சிரித்தார்களாம். அம்மாவும் சிரித்தாராம். இதைச் சொல்லும்போதுதான் அம்மா அழுதார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று ஓனர் கேட்டார். அவர் கேட்டார் என்பதை நான் மறைக்க மாட்டேன். "எதுக்குங்க? கல்லாட்டம் இருக்கறேன்" என்றார் பெரியம்மா. வெல்ல டப்பா வந்தது. ஆளுக்கொரு துண்டு தின்றார்கள். உண்மையிலேயே அவர் நன்றாகத்தான் இருந்தார். பஸ்சில் சீட்டுக்குச் சண்டை போடும் அளவுக்கு நன்றாக இருந்தார். ராத்திரி இருமல் திரும்பி வந்தது. பிறகு படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயும் விடிவதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "நெஞ்சை அடைக்குதுன்னா" என்று மட்டும்தான் அவர் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். ஆசிட்டைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. காலையில் நடந்ததற்கும் ராத்திரி வந்ததற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கும் தோன்றவில்லை. ஆனால் அந்தப் புகையின் நிறம் மனத்திலேயே நின்றது. வேதியியல் மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். பித்தளை கழுவும் ஆசிட்டின் பெயரைச் சொல்லி, அதன்மேல் மரத்தூள் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். மிஸ் கையில் வைத்திருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். அது நைட்ரிக் அமிலம், அதன்மேல் மரத்தூள், துணி, காகிதம், எரியக்கூடிய எதையும் போடவே கூடாது என்றார். சூடேறும், தீப்பிடிக்கக்கூடும், செம்பழுப்புப் புகை வரும். அந்தப் புகையைச் சுவாசித்தவர் முதலில் சும்மா இருமிவிட்டு எழுந்து நடமாடுவார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் நன்றாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என்ன புகை என்று சொல்ல வேண்டும், அங்கேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "யாருக்காவது அப்படி ஆச்சா?" என்று கேட்டார். 

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். போன வாரம் ஓனர் பழங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா குண்டலுபேட்டையில் கட்டட வேலையில் இருக்கிறார்; அம்மாவும் நானும்தான் இருந்தோம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவிடம், "சாந்தி, ஆகோயித்து, நடந்தது நடந்து போச்சு" என்றார். "ருக்மணி எனக்கு அக்கா மாதிரி. நான் யாரையும் தப்பு சொல்லல்ல. ஆனா இந்த விஷயம் வெளிய போனா சர்க்கார் ஆளுங்க வந்து கேப்பாங்க. மரத்தூள் போட்டது யாருன்னு கேப்பாங்க. அப்புறம் என் கையில ஏனும் இல்லம்மா." அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓனர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அந்தத் தூளைக் கவிழ்த்தவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் கெட்டது செய்ய நினைத்து ஓடவில்லை. சந்தில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார், எல்லோருக்கும் முன்னால் ஓடினார், அவ்வளவுதான். நான் இதை வாசித்தால் நீங்கள் அவரைத் திரும்பிப் பார்ப்பீர்கள். பெரியம்மாவின் வீட்டுக்காரர் பார்ப்பார். அவர் பிள்ளைகள் பார்ப்பார்கள். அதை நினைத்துத்தான் முதல் கட்டுரையில் ஓனர் சொன்ன அந்த மாரடைப்பு வரியை மறுக்காமல் எழுதினேன்.

பிறகு பட்டறை மறுபடி திறந்தது. அன்று அம்மா வீட்டுக்கு வந்து, புதுக் கேன் வந்துவிட்டது, பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இனிமேல் அவசரத்துக்குப் பக்கத்துக் கட்டடத்துக்கு ஓட வேண்டாம் என்று, ஓனர் ஒரு மூட்டை மரத்தூளை வாங்கிக் கேனுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாராம். நல்லது செய்வதாக நினைத்துத்தான் வைத்திருக்கிறார்.

அதைக் கேட்ட பிறகு முதல் கட்டுரையை வாசிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியம்மாவுக்கு மாரடைப்பு என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அந்த மூட்டை அங்கேயே இருக்கும். அதன் பக்கத்தில் என் அம்மா நின்று வேலை செய்வார். தேவகி அக்கா நிற்பார். சுவருக்கு அந்தப் பக்கம் ஊதுபத்திக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். ஓனர் சார், நீங்களும் கூட்டத்தில் இருப்பீர்கள், உங்களிடமும் கேட்கிறேன். அந்த மூட்டையை வெளியே எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் காய்ந்த மணலை வாளிகளில் வையுங்கள். மணல் எரியாது. கொட்டியது கொஞ்சமாக இருந்து, கையுறையும் கண் கவசமும் போட்ட, பழக்கப்பட்ட ஆள் இருந்தால் மட்டும் மணலைப் போடட்டும். நிறையக் கொட்டிவிட்டால், அல்லது செம்பழுப்புப் புகை வந்துவிட்டால், யாரும் எதையும் போட வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து, பக்கத்துக் கட்டடத்துக்கும் கேட்கும்படி மணி அடித்து, தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடுங்கள். அந்த மணி இருந்திருந்தால் பெரியம்மா புகைக்குள் போயிருக்க மாட்டார். புகையைச் சுவாசித்தவருக்கு வெல்லம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அவர் சிரித்தாலும், சண்டை போட்டாலும், கல்லாட்டம் இருக்கிறேன் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எந்த ஆசிட் என்று டாக்டரிடம் பெயர் சொல்லுங்கள்.

இதோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அம்மா விழித்துவிட்டார். தண்ணீர் குடிக்க வந்தவர் விளக்கைப் பார்த்து என் பின்னால் வந்து நின்றிருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. தாளை மறைக்கப் பார்த்தேன். கையை எடுக்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"இங்க 'ஒருவர் ஓடிப்போய்'னு எழுதியிருக்கியே" என்று விரலை வைத்துக் காட்டினார்.

"ஆமாம்மா."

"ஒருவர் இல்ல. சாந்தின்னு போடு."

"வேணாம்மா. எல்லாரும் உன்னைப் பார்ப்பாங்க."

"பாக்கட்டும். ஒருத்தர்னு சொன்னா, அது யாரு யாருன்னுதான் பேசுவாங்க. காரியத்துச் சாப்பாடு முடியறவரைக்கும் அதையேதான் பேசுவாங்க. தூளை யாரும் பேச மாட்டாங்க. நாந்தான்னு நானே சொல்லிட்டா அந்தப் பேச்சு அங்கயே முடிஞ்சுது. அப்புறம் மூட்டையைப் பத்தித்தானே பேசியாகணும்?" தாளை என்னிடம் நீட்டினார். "அக்கா வீட்டுக்காரர்கிட்ட காலையில நானே போய்ச் சொல்லிடறேன். மண்டபத்துல வெச்சு அவரு முதமுதல்ல கேக்கக் கூடாது. நீயும் கூட வா."

மேலே எழுதியதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன். இங்கே எழுதுகிறேன்: மரத்தூளைக் கவிழ்த்தவர் சாந்தி. என் அம்மா. அவருக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாது. நமக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது நமக்குத் தெரியும்.

பெரியம்மா எனக்கென்று எதையும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஆபத்து என்று பட்டால் யார் வாசலில் நிற்கிறார்கள், யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்க்காமல் முதலில் சத்தம் போட்டுவிடும் அந்தத் துணிச்சலை நானே எடுத்து வைத்துக்கொள்கிறேன். அவர் அளவுக்கு எனக்கு வராது. நாளை மண்டபத்தில் என் குரல் நடுங்கும். இடையில் அழுதாலும் அழுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியில் மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.